கழுத்து லைன், பிக் லைன்: கேளுங்கள், சொல்கிறேன்

12 வருடமாக ஐசியூவிலும் கீமோ வார்டிலும் நர்ஸ் வேலை. லைன் என்றால் மருந்து ஏற்றப் பெரிய ரத்தக் குழாய்க்குள் வைக்கிற மெல்லிய குழாய்; கழுத்து வழியாகப் போனால் கழுத்து லைன், கை வழியாகப் போனால் பிக் லைன். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

சிஸ்டர், அப்பாவுக்குக் கழுத்து லைனில் பூஞ்சை என்கிறார்கள். பூஞ்சை தோலில்தானே வரும்?

இது படர்தாமரை இல்லை, கேண்டிடா. நம் குடலிலும் தோலிலும் சும்மா கிடக்கிற ஈஸ்ட்தான். நாள்கணக்கில் ஆன்டிபயாடிக், நரம்பு வழியாகவே முழுச் சாப்பாடு, வயிற்று ஆபரேஷன் என்று சேர்ந்துகொண்டால் ரத்தத்தில் இறங்கி, குழாயின் உள்பக்கம் படலம் கட்டிக்கொள்ளும். மாவுப் பாத்திரத்தின் ஓரத்தில் காய்ந்த மாவு தண்ணீர் ஊற்றினால் போகுமா? அதே கதைதான், மருந்து அந்தப் படலத்துக்குள் சரியாகப் போகாது, அதனால்தான் பெரும்பாலும் லைனையே எடுத்துவிடுகிறோம். கல்ச்சரில், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில், பூஞ்சை இல்லை என்று வந்த நாளிலிருந்து குறைந்தது 14 நாள் மருந்து ஓடும். கண் டாக்டர் வந்து பார்த்தால் பயப்படாதீர்கள், இது கண்ணுக்குள்ளும் போகும் என்பதால்தான்.

அம்மாவுக்கு கீமோ பிக் லைன். அந்தக் கை மட்டும் வீங்குகிறது, எடுத்துவிடலாமா?

முதலில் டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற ஸ்கேன்), இன்றைக்கே. ரத்தம் உறைந்திருந்தாலும், லைன் ஓடுகிறது, தொற்று இல்லை, கீமோவும் பாக்கி என்றால் பல நேரம் எடுக்கமாட்டார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து தருவார்கள், குறைந்தது 3 மாதம். மூச்சுத் திணறினால் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்கு ஓடுங்கள்.

மருந்து உள்ளே போகிறது, ரத்தம் இழுத்தால் வரவில்லையே?

முனையில் மெல்லிய உறை வளர்ந்து, இழுக்கும்போது வால்வு மாதிரி மூடிக்கொள்வது அடிக்கடி நடப்பதுதான். கையைத் தூக்கி இருமச் சொல்லிப் பார்ப்போம், அப்புறம் உறைந்ததைக் கரைக்கிற மருந்து. சின்ன சிரிஞ்சால் அழுத்தித் தள்ளாதீர்கள், அதில் அழுத்தம் அதிகம், 10 மில்லி சிரிஞ்ச்தான்.

லைன் வழியாக டயாலிசிஸ் ஏறிய அரை மணியில் குளிர் நடுக்கம், வீட்டுக்கு வந்தால் சரியாகிவிடுகிறது. மலேரியாவா அண்ணனுக்கு?

லைனைத் திறந்தால் நடுக்கம், மூடினால் இல்லை என்றால் நான் முதலில் லைனைத்தான் சந்தேகப்படுவேன். லைனிலிருந்தும் கையிலிருந்தும் ஒரே நேரத்தில் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள். லைன் ரத்தம் இருக்கிற பாட்டிலில் கிருமி 2 மணி நேரமாவது முந்தி வளர்ந்தால் கிருமி அங்கேதான் இருக்கிறது. பாராசிட்டமால் போட்டு மறைக்க வேண்டாம். எங்கள் வார்டில் ஒருவர், லைனை மாற்றினால் செலவாகுமே என்று மூன்று தடவை போர்வைக்குள்ளேயே நடுங்கிவிட்டுச் சொல்லாமல் இருந்தார். நாலாவது தடவை பிபி இறங்கி ஐசியூ. அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.

குளிக்கலாமா?

டிரெஸ்ஸிங் நனையாமல், இடுப்புக்குக் கீழே. ஓரம் கிளம்பியிருந்தால் மேலே பிளாஸ்திரி ஒட்டிச் சமாளிக்காமல், வந்து மாற்றிக்கொண்டு போங்கள்.