பற்பசை போட்டேன், இரண்டு மாதத்தில் பழையபடி மங்கிவிட்டது!

கேள்வி: எங்கள் 2008 ஆம் ஆண்டு ஆக்சியோக் காரின் இரண்டு ஹெட்லைற்றும் மஞ்சளாகிப் புகை படிந்ததுபோல இருக்கிறது. பற்பசை போட்டு உரஞ்சினேன், பளிச்சென்று வந்தது, இரண்டு மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. 100 வாட்ஸ் பல்ப் போட்டால் சரிவரும் என்கிறான் மகன். என்ன செய்யலாம்?
– வாசகர், கோண்டாவில்

பதில்: முதலில் மகனிடம் அந்தப் பல்ப்பை வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கம்பனி போடுகிற ஹலோஜன் பல்ப் பெரும்பாலும் 55, 60 வாட்ஸ்தான், வயரும் ஹோல்டரும் அந்த அளவுக்குத்தான் தாங்கும், 100 போட்டால் ஹோல்டர் உருகும். மங்கின லைற்றில் வெளிச்சம் குறைவு என்பது மட்டும் பிரச்சினை இல்லை, இருக்கிற வெளிச்சமும் சிதறி எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். இரவில் ஏ-9 வீதியால் வந்தவர்களுக்குத் தெரியும், நடுரோட்டில் படுத்திருக்கிற கறுத்த மாடு கிட்டப் போகும்வரை கண்ணில் படாது. அதனால் இதை அழகு வேலை என்று நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள்.

நாங்கள் கண்ணாடி என்று சொன்னாலும் அது பொலிகார்பனேற் என்ற பிளாஸ்ரிக். அதற்கு மேலே வெயில் தாங்குவதற்கு ஒரு மெல்லிய பூச்சுப் பூசித்தான் கம்பனியில் இருந்து வரும். எங்கள் ஊர் வெயிலில் வருஷக்கணக்காக முற்றத்தில் நிற்கும்போது கழியூதாக் கதிர் அந்தப் பூச்சை அரித்துவிடும், பிறகு பிளாஸ்ரிக்கே மஞ்சளாகும். (பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்களுக்கு உண்மையான கண்ணாடி, அவை இன்றைக்கும் மஞ்சளாகவில்லை.) பற்பசை மேலே இருக்கிற மங்கலை உரஞ்சி எடுத்தது உண்மைதான், ஆனால் போன பூச்சை அது திருப்பித் தரவில்லையே. அதுதான் இரண்டு மாதக் கதை.

சரி, செய்கிற விதம். காலையில் நிழலில் காரை விட்டு, லைற்றைச் சுற்றிப் பெயின்றில் கை படாதபடி மாஸ்கிங் ரேப்பை இரண்டு சுற்று ஒட்டுங்கள். ஹாட்வெயார் கடையில் வோட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் தொட்டு உரஞ்சுகிற தாள், 800, 1500, 2500 என்று மூன்று வாங்குங்கள், எண் கூடக்கூடத் தாள் நைசாக இருக்கும். தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவுகிற திரவம் விட்டு, 800 ஆல் இடம் வலமாக உரஞ்சுங்கள். முதலில் மஞ்சள் கலந்த பால்போலத் தண்ணீர் வடியும், அது வெள்ளையாக வடிகிற வரைக்கும் நிற்பாட்டக் கூடாது, ஏனென்றால் பழைய பூச்சு அங்கங்கே திட்டாக மிஞ்சினால் பிறகு என்ன மினுக்கினாலும் அந்தத் திட்டுத் தெரியும். விரலால் தடவிப் பாருங்கள், விளிம்பு தட்டுப்பட்டால் இன்னும் இருக்கிறது. பிறகு 1500 ஆல் மேலும் கீழுமாக, 2500 ஆல் மறுபடி இடம் வலமாக. திசையை மாற்றுவது முந்தின கீறல் போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரிவதற்காக. இந்த நேரத்தில் லைற் பழையதைவிட மோசமாக, வெள்ளை வெளேரென்று இருக்கும். பயப்பட வேண்டாம், தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், கண்ணாடிபோலத் தெரிந்தால் சரியான பாதையில்தான் இருக்கிறீர்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், காயவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும், உடனே துடையுங்கள்.

இனித்தான் முக்கியமான பகுதி. மெழுகு பூசி விட்டுவிட்டால் சில கிழமையில் கழுவுப்பட்டுப் போகும். கார்ப் பெயின்ற் அடிக்கிற இடத்தில் ஹாட்னர் (இறுக வைக்கிற திரவம்) கலந்த கிளியர், அதாவது நிறமில்லாத பூச்சு, அடித்துத் தரச் சொல்லுங்கள், அதுதான் வருஷக்கணக்கில் நிற்கும். கிளியர் அடிப்பதென்றால் 2500 உடன் நிறுத்தலாம், கொம்பவுண்ட் போட்டு மினுக்கத் தேவையில்லை, மினுக்கினால் கிளியர் பிடிக்காது. அந்தக் கிளியரின் ஆவி நெஞ்சுக்குக் கூடாது, துணியைக் கட்டிக்கொண்டு வீட்டில் அடிக்கப் பார்க்க வேண்டாம். அடித்த பிறகும் முற்றத்தில் நிற்கும்போது லைற்றுக்கு மேலே ஒரு பழைய துணியைப் போட்டு விடுங்கள்.

கேள்வி: நுளம்புக்குப் பூசுகிற கிறீமைத் தடவினால் உடனே தெளிகிறது என்கிறார்களே?
– வாசகி, சுன்னாகம்

பதில்: தெளியும், ஏனென்றால் அதிலுள்ள டீற் என்ற மருந்து பிளாஸ்ரிக்கின் மேற்பரப்பைக் கரைக்கிறது. தொட்டுப் பார்த்தால் பிசுபிசுக்கும். கொஞ்ச நாளில் முன்பைவிட மோசமாக மங்கும், வழிந்து பெயின்றில் பட்டால் அதுவும் பழுதாகும். தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: மழைக்குப் பிறகு லைற்றுக்கு உள்ளே ஈரம் பிடிக்கிறது. இதையும் உரஞ்சலாமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: உள்ளே இருப்பதற்கு வெளியே உரஞ்சி என்ன பயன்? பல்ப்புக்குப் பின்னால் இருக்கிற ரப்பர் மூடியைப் பாருங்கள், வெடித்திருந்தால் மாற்றுங்கள். மாற்றியும் ஈரம் வந்தால் முன்பக்கப் பிளாஸ்ரிக்கும் பின்பக்கக் கூடும் சேர்கிற இடத்தில் பசை விட்டிருக்கும். லைற்றைக் கழற்றி, உள்ளே முழுதாகக் காயவிட்ட பிறகு சிலிக்கன் வைத்து அடைக்க வேண்டும், ஈரத்தோடு அடைத்தால் அது உள்ளேயே நின்றுவிடும்.