கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க ஏன் இத்தனை வகை அமீன்கள்?

கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் கரைசல்களில் பயன்படும் நைட்ரஜன் சேர்மங்கள்தான் அமீன்கள். எல்லா அமீனிலும் வேலை செய்வது நைட்ரஜன்தானே, அப்புறம் எதற்கு இத்தனை வகை என்று கேட்டிருக்கிறீர்கள். நைட்ரஜன்தான், சரி. ஆனால் அதைச் சுற்றி என்ன ஒட்டியிருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பழைய ஆள் மோனோஎத்தனாலமைன். இதன் நைட்ரஜனில் இரண்டு ஹைட்ரஜன், பக்கத்தில் இடைஞ்சல் எதுவும் இல்லை. கார்பன் டை ஆக்சைடு நேராக நைட்ரஜனில் வந்து ஒட்டிக் கார்பமேட் என்ற சேர்மம் ஆகிவிடும். வேகம் பிரமாதம். ஆனால் அப்போது விடுபடும் புரோட்டானை வாங்கிக்கொள்ள இன்னொரு அமீன் வேண்டும். ஆக, ஒரு வாயு மூலக்கூறுக்கு இரண்டு அமீன் செலவு. பிணைப்பும் உறுதி என்பதால், திரும்பப் பிரிக்க 120 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்க வேண்டும். ஆலையின் நீராவியைத் தின்பது இந்த இடம்தான்.

இப்போது நைட்ரஜனுக்கு அடுத்த கார்பனில் இரண்டு மீதைல் தொகுதிகளை வையுங்கள். அதுதான் ஏ.எம்.பி. (2-அமினோ-2-மீதைல்-1-புரப்பனால்). மீதைல்கள் நெருக்குவதால் கார்பமேட் நிலைக்காது. தண்ணீர் புகுந்து அதைப் பைகார்பனேட்டாக்கி, அமீனை விடுவித்துவிடும். ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு வரைக்கும் போகலாம். டெக்சாஸில் நிலக்கரி மின்நிலையப் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் பெட்ரா நோவா திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த கே.எஸ்-1 கரைசலும் இப்படி இடநெருக்கடி உள்ள அமீன்தான்.

எம்.டி.இ.ஏ.-வில் (மீதைல்டைஎத்தனாலமைன்) நைட்ரஜன் மேல் ஹைட்ரஜனே கிடையாது. கார்பமேட் என்ற பேச்சுக்கே இடமில்லை, வாயு பைகார்பனேட்டாகத்தான் பிடிபடும். பிரிக்க வெப்பம் குறைவாகப் போதும், ஆனால் ஆமை வேகம். அதனால் கொஞ்சம் பைபரசின் என்ற இன்னொரு அமீனைச் சேர்ப்பார்கள். வளையத்தில் இரண்டு நைட்ரஜன் கொண்ட அது வேகத்தைப் பார்த்துக்கொள்ளும். உயர் அழுத்த இயற்கை எரிவாயுவுக்கு இந்தக் கலவை நன்றாகப் பொருந்தும். புகைபோக்கி வாயுவுக்கு எம்.டி.இ.ஏ.-வை மட்டும் நம்பி இறங்க வேண்டாம் என்பேன்.