செதில் வரவேண்டிய இடத்தில் வலை ஏன் தெரிகிறது?

கேள்வி: மரத்தில் செதுக்கி 8 சென்டிமீட்டர் நீளமுள்ள தூண்டில் லூர்கள் (மீன் வடிவப் பொய் இரைகள்) செய்கிறேன். முதலில் வெள்ளி நிறம் அடித்து, அதன் மேல் நெட் துணியைச் சுற்றி, கறுப்பு ஸ்பிரே செய்து செதில் வரவழைக்கப் பார்க்கிறேன். துணியை எடுத்தால் சில இடங்களில் கோடு கலங்கிக் கிடக்கிறது. தெளிவாக விழுந்த இடங்களிலும் மீன் தெரியவில்லை, மீன் மேல் போர்த்திய வலைதான் தெரிகிறது. மீனின் பக்கவாட்டில் செவுளிலிருந்து வால் வரை ஓடும் பக்கக்கோட்டை மார்க்கரால் வரைந்தேன், அது மேல்பூச்சு அடித்ததும் கரைந்து ஓடிவிட்டது. பயிற்சி வகுப்பு நடத்தும் ஒருவர், ஏர்பிரஷ், செதில் ஸ்டென்சில், பெயர் ஒட்டாத பாட்டிலில் ‘சிறப்பு’ மேல்பூச்சு எல்லாம் சேர்ந்த தொகுப்பைத் தன்னிடமே வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்களிடம் இருக்கும் நெட் துணியும் ஸ்பிரே டப்பாவும் போதும். நிறங்களின் வரிசை தலைகீழாக இருக்கிறது, துணியின் கண் பெரிதாக இருக்கிறது, பெயின்ட் ஈரமாக விழுகிறது. இவற்றில் ஒன்றைக்கூட அந்தத் தொகுப்பு சரிசெய்யாது.

வரிசையை முதலில் பார்ப்போம். துணியின் நூல் எதை மறைக்கிறதோ அது கோடாக நிற்கும். கண் வழியே எது விழுகிறதோ அது செதிலாக நிற்கும். நீங்கள் வெள்ளியின் மேல் கறுப்பை அடிக்கிறீர்கள். அதனால் செதில் கறுப்பாகவும் அதைச் சுற்றிய கோடு வெள்ளியாகவும் வருகிறது. வெள்ளி மின்னும் மீன்கள் பலவற்றில் நிலைமை இதற்கு நேர்மாறானது. குவானின் என்னும் பொருளின் மெல்லிய படிகத் தகடுகள் தோலில் அடுக்கடுக்காக இருந்து ஒளியைத் திருப்பி அனுப்புவதால் செதிலின் நடுப்பகுதி மின்னுகிறது; விளிம்புதான் மங்கலாகத் தெரிகிறது. ஆகவே அடியில் இருண்ட நிறம், துணிக்கு மேலே வெள்ளி அல்லது முத்து நிறம். அடிநிறம் தார்க் கறுப்பாக இருக்கவேண்டாம். அடர் சாம்பலோ கரும்பழுப்போ போதும். சுத்தக் கறுப்பில் கோடு கண்ணைக் குத்தும். முத்து நிறம் வெள்ளைப் பரப்பின் மேல் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும், இருண்ட பரப்பில்தான் அதன் மினுமினுப்பு எழும் என்பதால் இந்த வரிசையில் அந்த லாபமும் இருக்கிறது.

அடுத்தது கண்ணின் அளவு. மீன் வளரும்போது புதிய செதில்கள் முளைப்பதில்லை. இருக்கிற செதில்களே பெரிதாகின்றன. குஞ்சுக்கும் முதிர்ந்த மீனுக்கும் செதில் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் பக்கக்கோட்டில் உள்ள செதில்களை எண்ணி மீனின் இனத்தை அடையாளம் காண முடிகிறது. சாதாரணக் கெண்டைக்கு அந்த வரிசையில் 35 முதல் 40 வரை இருக்கும். உங்கள் லூரில் தலையையும் வாலையும் கழித்தால் ஏறக்குறைய 55 மில்லிமீட்டர் மிஞ்சும். அதில் இத்தனை செதில் அடங்கவேண்டுமானால் ஒரு செதிலுக்குக் கிடைப்பது ஒன்றரை மில்லிமீட்டர். உடம்பு தேய்க்கும் பிளாஸ்டிக் வலைப்பந்தைப் பிரித்தோ, காய்கறி வரும் வலைப்பையை வெட்டியோ சுற்றினால் கண் நான்கைந்து மில்லிமீட்டர் இருக்கும். பக்கத்துக்குப் பன்னிரண்டு செதில்தான் விழும். மனித மூளைக்கு அது மீனாகப் படாது. துணியின் மேல் அளவுகோலை வைத்து, ஒரு சென்டிமீட்டருக்குள் ஆறேழு கண்கள் இருக்கிறதா என்று எண்ணிவிட்டு வாங்குங்கள். அறுகோணக் கண் உள்ளதாக இருக்கட்டும். சதுரக் கண் துணியில் நீங்கள் எவ்வளவு திறமை காட்டினாலும் கொசுவலைதான் தெரியும்.

இழுக்கும் திசையையும் கவனியுங்கள். எல்லோரும் தலையிலிருந்து வால் பக்கமாகத் துணியை இழுத்துக் கட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் கண்கள் நீளவாக்கில் இழுபட்டு, உயரம் குறைந்து நசுங்கும். செதில்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருப்பதால் வெளியே தெரியும் பகுதி பெரும்பாலும் நீளத்தைவிட உயரம் கூடியது. ஆகவே முதுகிலிருந்து வயிற்றுக்கு இழுங்கள். துணியின் இரு ஓரங்களையும் வயிற்றுக்கு அடியில் சேர்த்து, வரிசையாகத் துணி கிளிப்புகளைப் போட்டு இறுக்குங்கள். மடிப்பும் சுருக்கமும் அங்கேயே ஒதுங்கும். பின்னால் வயிற்றுக்கு வெள்ளை அடிக்கும்போது அவை மறைந்துவிடும்.

இனி கலங்கல். இதற்குக் காரணம் இரண்டு. துணி மரத்தோடு ஒட்டாமல் தூக்கி நிற்கும் இடத்தில் பெயின்ட் நூலுக்கு அடியில் புகுந்துவிடும். தலை சரியும் இடத்திலும் வால் குறுகும் இடத்திலும் இது நிச்சயம் நடக்கும். அங்கே கூடுதலாக ஒரு கிளிப் போடுங்கள். இன்னொன்று, பெயின்ட் ஈரமாகப் போய் விழுவது. ஈரப் பெயின்ட் நூலோடு ஒட்டிக்கொண்டு, நூலின் ஓரமாகவே ஊர்ந்து பரவும். ஸ்பிரே டப்பாவை 25 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். உடலுக்கு நேர்செங்குத்தாகப் பிடிக்கவேண்டும், சாய்த்து அடித்தால் நூலுக்குக் கீழே போகும். ஒரே வீச்சில் நிறம் ஏறவேண்டும் என்ற ஆசையை விடுங்கள். முதல் வீச்சில் ஏதாவது விழுந்ததா என்று சந்தேகம் வரவேண்டும், அவ்வளவு மெல்லிசாக அடியுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் நடுவே காயவிட்டு நான்கைந்து முறை போங்கள். ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில், பால் பதத்துக்கு இளக்கிய பெயின்டை அடித்தால் போதும். வெள்ளித் துகள் கலந்த பெயின்ட் 0.2 மில்லிமீட்டர் முனையை அடைத்துவிடும், 0.35 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

அடித்து முடித்ததும் துணியைப் பிய்த்துப் பார்க்கும் அவசரம் யாருக்கும் அடங்குவதில்லை. அடக்குங்கள். பெயின்ட் விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு கிளிப்புகளைக் கழற்றி, துணியைப் பக்கவாட்டில் இழுக்காமல் நேராக மேலே தூக்குங்கள். நீர் கலந்த பெயின்ட் என்றால் ஹேர் டிரையர் காட்டலாம், ஆனால் மிதமான சூட்டில். மரம் சூடானால் உள்ளிருக்கும் காற்று விரிந்து பூச்சைக் கொப்புளமாகத் தள்ளும்.

செதில் விழுந்த பிறகுதான் முதுகு. ஊடுருவித் தெரியும் பச்சையோ பழுப்போ எடுத்து, முதுகிலிருந்து பாதிப் பக்கம் வரை மங்கிக்கொண்டே இறங்குவதுபோல அடியுங்கள். செதில் அடியில் தெரிந்துகொண்டே இருக்கும். வயிற்றுக்கு வெள்ளை. தலையில் செதில் வேண்டாம், கெண்டை வகை மீன்களின் தலை வழுக்கையாகத்தான் இருக்கும். செவுள் மூடிக்கு முன்னால் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். உண்மையைச் சொன்னால், லூர் நீரில் எப்படி நெளிகிறது என்பதே மீனைக் கடிக்கவைக்கும் முதல் காரணம். செதிலின் நேர்த்தி பெரும்பாலும் தூண்டில்காரரின் திருப்திக்காக. அதில் குறையொன்றும் இல்லை, கைவேலை என்றால் அப்படித்தான்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் இதில் எல்லோரும் விழுகிறார்கள். செதில் அடிக்கத் தெரிந்துவிட்டது என்பதற்காக எல்லா லூருக்கும் செதில் அடிக்காதீர்கள். கெளுத்தி வகைகளுக்குச் செதிலே கிடையாது. விலாங்குக்குச் செதில் இருந்தாலும் அது தோலுக்குள் புதைந்து கிடப்பது, வெளியே வழவழவென்றுதான் இருக்கும். கானாங்கெளுத்தி பெயரில் மட்டும்தான் கெளுத்தி, அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். செதில் இருக்கிறது, ஆனால் அத்தனை பொடி. கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தால் பளபளப்பான தோல் மட்டுமே தெரியும். அதன் அடையாளம் முதுகில் உள்ள வரிகளும் புள்ளிகளும். கானாங்கெளுத்தி நிறத்தில் ஒரு லூரைச் செய்து அதன் மேல் இரண்டு மில்லிமீட்டர் செதிலை அடித்தால் அது எந்த மீனும் இல்லாத ஏதோ ஒன்றாகிவிடும். முத்து நிறத்தை வழவழப்பாக அடித்து, வரிகளை மட்டும் நேர்த்தியாகப் போடுங்கள். மத்தி வேறு, அதன் செதில் உடலுக்குப் பெரிதாகவே தெரியும், அங்கே நெட் துணிக்கு வேலை உண்டு. எந்த மீனைச் செய்கிறீர்களோ அந்த மீனை, முடிந்தால் உயிரோடு அல்லது பிடித்தவுடன், ஒரு தடவை பாருங்கள். வலைத்தளப் படங்களில் பாதி, இன்னொருவர் செய்த லூரைப் பார்த்துச் செய்த லூர்.

மார்க்கர் ஏன் ஓடியது? நிரந்தர மார்க்கரின் மை ஆல்கஹால் போன்ற கரைப்பான்களில் கரையும் சாயம். கரைப்பான் உள்ள மேல்பூச்சு அதன் மேல் விழுந்தவுடன் மை மறுபடி இளகிவிடும். சில எபாக்ஸிகளும் இதைச் செய்யும். கோட்டை மார்க்கரால் போடாமல் மெல்லிய தூரிகையில் அக்ரிலிக் பெயின்டால் போடுங்கள். மார்க்கர்தான் கைக்கு வருகிறது என்றால், நீர் கலந்த அக்ரிலிக் வார்னிஷை மிக மெல்லிசாக இரண்டு தடவை அடித்து முழுக்கக் காயவிட்ட பிறகு மேல்பூச்சுக்குப் போங்கள். இதைத் தேவையில்லாத லூர் ஒன்றில் முதலில் செய்து பார்த்துவிடுவது நல்லது.

மேல்பூச்சுக்கு, மெதுவாக இறுகும் இருபாக எபாக்ஸி, அதாவது ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவைப்பது, உங்களுக்குப் போதும். ஐந்து நிமிட எபாக்ஸி வேண்டாம், அது சீக்கிரம் மஞ்சளிக்கும், பூசி முடிப்பதற்குள் கையிலேயே இறுகும். விகிதத்தைக் கன அளவில் சொல்லியிருந்தால் கன அளவில்தான் எடுக்கவேண்டும், எடையில் எடுத்தால் தப்பும். ரெசினின் அடர்த்தியும் ஹார்டனரின் அடர்த்தியும் வேறு. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் பிசுபிசுப்புதான் நிரந்தரமாகும். வழிந்து தொங்காமல் இருக்க, ஓட்டம் நிற்கும்வரை லூரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். கையுறை போடுங்கள், எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் போகாது.

இனி அந்த பாட்டிலுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். பெயர் ஒட்டாத மேல்பூச்சு என்றால் அது பெரும்பாலும் பெரிய டப்பாவிலிருந்து ஊற்றிப் பிரித்ததாக இருக்கும். காற்றின் ஈரத்தால் இறுகும் யூரித்தேன் வகையாக இருந்தால், டப்பாவைத் திறந்த கணமே இறுக ஆரம்பித்துவிடும். ஊற்றிப் பிரித்த பாட்டிலில் அதன் ஆயுள் எவ்வளவு மிச்சம் என்று விற்பவருக்கே தெரியாது. இருபாகக் கார் பூச்சாக இருந்தால் விஷயம் இன்னும் மோசம். இந்த இரண்டு வகையிலும் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலை ஒவ்வாமைக்கு ஆளாக்கிவிடும். அதற்குப் பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா பிடித்துக்கொள்ளும். ஆபத்தான அளவிலும் அதன் வாசனை தெரியாமல் போகலாம். கார் பெயின்ட் பட்டறையில் வெளிக்காற்று வரும் குழாய் மாட்டிய முகமூடியோடு அடிப்பது அதனால்தான். தூசுக்குப் போடும் முகமூடி இதற்கு ஒன்றுமே இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல், இந்த வகையைச் சேர்ந்த டைஐசோசயனேட்டுகள் 0.1 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவற்றைத் தொழிலில் பயன்படுத்துவோர் பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்பது சட்டம். தொழிலாளிக்குப் பயிற்சி. மூடிய அறையில், குழந்தை விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில், அதே பொருளை அடிக்கும் பொழுதுபோக்குக்காரருக்கு? டப்பாவில் எறும்பு எழுத்தில் ‘தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று ஒரு வரி. ஊற்றிப் பிரித்து விற்பவர் அந்த வரியையும் கிழித்துப் போட்டுவிடுகிறார். விதி எழுதுபவர்கள் பட்டறை வாசலோடு நின்றுவிடுகிறார்கள். இடைத்தரகர் அந்த வாசலுக்கு வெளியேதான் கடை விரிக்கிறார்.

‘நச்சற்றது’ என்ற முத்திரையையும் நம்பி மூச்சிழுக்காதீர்கள். ஏஎஸ்டிஎம் டி-4236 என்ற எண் (ஓவியப் பொருட்களின் லேபிளுக்கான தர விதி) பாட்டிலில் இருந்தால், நாள்பட்ட ஆபத்து இருக்கிறதா என்று ஆராய்ந்து அதற்கேற்ப எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். பாதுகாப்பானது என்ற சான்று அது அல்ல. தூரிகையில் தீங்கில்லாத பெயின்டும் ஸ்பிரேயில் பொடியாகி மூச்சுக்குள் போகும்போது வேறு விஷயம். திறந்த வெளியில், முகமூடியோடு அடியுங்கள்.

அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: பாட்டிலில் உள்ள பொருளுக்கான பாதுகாப்புத் தகவல் தாள். முறையான உற்பத்தியாளர் எவரும் அதைத் தருவார். ‘அதெல்லாம் வேண்டாம், நானே பல வருடமாக அடிக்கிறேன்’ என்று பதில் வந்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஸ்டென்சிலைப் பொறுத்தவரை, தட்டையான பரப்புக்கு அது சரி. உருண்ட உடலில் பிளாஸ்டிக் தகடு வளைந்து உட்காராது, ஓரமெல்லாம் தூக்கி நிற்கும். நீங்கள் இப்போது படும் கலங்கல் தொல்லையைக் கூடுதல் செலவில் மறுபடி வாங்குவீர்கள்.

கெட்டுப்போன லூர்களைத் தூக்கி எறியவேண்டாம். மேல்பூச்சு முழுவதும் இறுகியிருந்தால் 400 எண் உப்புத்தாளை நனைத்து மங்கலாகும்வரை தேயுங்கள். மரம் எங்காவது வெளியே தெரிந்தால் அந்த இடத்தை முதலில் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஏறி, மரம் உப்பி, புதுப் பூச்சும் வெடிக்கும். பிறகு வெள்ளை பிரைமர், அதன் மேல் அடர் சாம்பல், அது நன்றாகக் காய்ந்ததும் நெட் துணி.