போர்க்கால விமானத்தளம் ஒன்று கார் பந்தயத் தடமாக மாறியது எப்படி?

இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன், 1943-ல் திறக்கப்பட்ட விமானப்படைத் தளம். வெலிங்டன் குண்டுவீச்சு விமானங்களை இயக்கப் புதிய குழுவினருக்கு இங்கேதான் பயிற்சி. முக்கோணமாக வெட்டிக்கொள்ளும் மூன்று ஓடுபாதைகள், அவற்றைச் சுற்றி ஒரு சாலை.

எதற்கு மூன்று? பட்டம் விடும்போது காற்றுக்கு எதிராக ஓடினால் சட்டென்று மேலே ஏறும் இல்லையா, விமானமும் அப்படித்தான். காற்று திசை மாறினாலும் ஏதாவது ஒரு பாதை அதை எதிர்கொள்ளும்படி இருக்க வேண்டும்.

சரி, போர் முடிந்தது. தளத்துக்கு வேலையில்லை. ஆனால் கனமான விமானங்களைத் தாங்கிய அகலமான, சமதளமான தரை அப்படியே கிடந்தது. பந்தயக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! 1948-ல் வைக்கோல் கட்டுகளை எல்லையாக வைத்தே பெரிய பந்தயம் நடத்திவிட்டார்கள். 1950 மே 13 அன்று ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயமும் இங்கேதான். ஆறாம் ஜார்ஜ் மன்னர் நேரில் வந்து பார்த்தார். நம் சோழவரத்திலும் போர்க்கால ஓடுபாதையில்தான் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது.

கார்கள் பழைய ஓடுபாதைகளில் ஓடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். 1948-ல் அவற்றையும் பயன்படுத்தினார்கள், ஆனால் அடுத்த ஆண்டிலிருந்து சில்வர்ஸ்டோன் தடத்துக்கு அடிப்படை அந்தச் சுற்றுச்சாலைதான்.