மனம் திறந்து: டாக்டர் பதில்கள்

கேள்வி: கடலுக்குப் போகும் என் தம்பிக்கு இருதுருவ மனநோய் (அளவு மீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய்). புதுச்சேரிக்கு ஓ.பி.க்குக் கூட்டிப்போனோம். படிக்கிற டாக்டர் பெண், கூடப் போன அம்மாவையும் என்னையும் பேச விடாமல், ‘லித்தியம் மாத்திரை ஆரம்பிக்கலாமா?’ என்று அவனிடமே கேட்டது. நோயாளியிடமா கேட்பது?
- வாசகி, தேவனாம்பட்டினம்

பதில்: அவரிடம்தான் கேட்க வேண்டும், அம்மா. ஆனால் உங்களை ஒதுக்கிவிட்டு அல்ல, பக்கத்தில் வைத்துக்கொண்டு. பி.ஜி. மாணவர்களுக்கு நான் சொல்லித்தருவதில் பெரும்பாடே இதுதான். 2017 மனநலச் சட்டத்தை ஒரே ராத்திரியில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஒருவருடைய முடிவு மற்றவர்களுக்குத் தப்பாகப் படுகிறது என்பதற்காக மட்டும், அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லக்கூடாது என்று அதில் இருக்கிறது. பரீட்சையில் சரியாக எழுதுவார்கள். ஓ.பி.யில் நோயாளியை விட்டுவிட்டு, கூட வந்த அம்மா முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

‘லித்தியம் நல்ல மருந்து, அப்பப்ப ரத்தம் டெஸ்ட் பண்ணணும்’ என்று மாணவர் ஒரே மூச்சில் முடித்தால் விடமாட்டேன். எதிரில் இருப்பவர் மீனவர். வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் வற்றினால், ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். வாந்தி, பேதி, நடை தள்ளாட்டம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். படகில் குடிதண்ணீர் எவ்வளவு எடுத்துப் போகிறார்? கை லேசாக நடுங்கலாம். வலை பின்னுகிறவருக்கு அது சின்ன விஷயமா? இதையெல்லாம் பேசிவிட்டு, புரிந்ததை அவர் வாயாலேயே சொல்லச் சொல்ல வேண்டும். அப்புறம் டாக்டர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நடுவில் அம்மா பதில் சொன்னால், ‘அவர் சொல்லட்டும்மா, அடுத்து நீங்க சொல்லுங்க’ என்று சிரித்த முகத்தோடு சொல்லப் பழக்குகிறேன். அம்மா வயதுக்காரரிடம் அதைச் சொல்ல இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நாக்கு எழாது, பாவம்.

உங்களுக்கும் வேலை இருக்கிறது. போன தடவை தூக்கம் எப்போது கெட்டது, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பதை நினைவுபடுத்துங்கள். தம்பி யோசிக்க நேரம் கேட்டால் கொடுங்கள்.

நோய் முற்றி, எதையும் யோசிக்க முடியாத நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தால், அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது தன் சார்பில் பேச அவரே முன்கூட்டி எழுதிக்கொடுத்த ஆள், தற்காலிகமாகச் சம்மதம் தரலாம். அப்போதும் 7 நாளுக்கு ஒருமுறை அவருடைய திறனைத் திரும்பச் சோதிக்க வேண்டும். போன வாரக் குறிப்பையே பார்த்து எழுதிக்கொண்டு வரும் மாணவருக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை.

தம்பி இப்போது தெளிவாக இருக்கிறார் என்றால், அந்தப் பிரதிநிதி யார் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். உங்களை விட்டுவிட்டுப் படகில் கூட வரும் சிநேகிதர் பெயரை எழுதினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.