இடம் இருந்தும் ‘இடமில்லை’ என்கிறதே! முழு பேக்கப் கேள்வி பதில்

வெளி ஹார்ட் டிஸ்கில் கணினியை முழுதாக பேக்கப் எடுக்கப் போய், பாதியில் மாட்டிக்கொண்டவர்கள் கேட்டவை இவை. பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கன்ட்ரோல் பேனலுக்குள் ‘பேக்கப் அண்டு ரீஸ்டோர் விண்டோஸ் 7’ என்ற பழைய பெயரிலேயே கிடக்கும் சிஸ்டம் இமேஜ் (விண்டோஸ், மென்பொருள்கள், கோப்புகள் எல்லாம் சேர்ந்த முழு நகல்) வசதியைப் பற்றியவை.

கேள்வி: டிடிபி கடை வைத்திருக்கிறேன். பேஜ்மேக்கர், பாமினி எழுத்துருக்கள் எல்லாம் உள்ள பழைய கணினி. இன்ஸ்டால் சிடி தொலைந்துவிட்டதால் முழு இமேஜ் எடுத்தே ஆகவேண்டும். சி டிரைவில் இருப்பது 120 ஜிபி, வெளி டிஸ்கில் 700 ஜிபி காலி. ஆனாலும் போதுமான இடமில்லை என்று 80780119 என்ற பிழை எண்ணோடு நின்றுவிடுகிறது. டிஸ்க் போலியா சார்?

பதில்: டிஸ்கைத் திட்டாதீர்கள், அதன் மேல் தப்பில்லை. இடமில்லை என்று விண்டோஸ் சொல்வது உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும் ஒரு குட்டிப் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்கில் தனியாகப் பிரித்து வைத்த ஒரு பகுதியைப் பற்றி. எந்த டிஸ்க் என்று சொல்லாமல் விடுவதால் எல்லோரும் வெளி டிஸ்கைத்தான் சந்தேகப்படுகிறார்கள்.

இமேஜ் எடுக்கும்போதும் நீங்கள் வேலை செய்துகொண்டிருப்பீர்கள், கோப்புகள் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் விண்டோஸ் முதலில் அந்த நொடியின் நிலையை ஷேடோ காப்பியாகப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்துதான் நகல் எடுக்கும். சி டிரைவுக்கு மட்டுமல்ல, சிஸ்டம் ரிசர்வ்டு, ரெக்கவரி போன்ற கண்ணில் படாத பார்ட்டிஷன்களுக்கும் இதே கதைதான். 500 எம்பிக்குக் குறைவான பார்ட்டிஷன் என்றால் அதில் 50 எம்பியாவது காலியாக இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்டது என்றால் 320 எம்பி. 520 எம்பி ரெக்கவரி பார்ட்டிஷனில் 450 எம்பி நிரம்பியிருந்தால் கதை முடிந்தது.

விண்டோஸ் பட்டனோடு எக்ஸ் விசையை அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பாருங்கள். ரெக்கவரிக்கு நேராக ‘100 சதவீதம் காலி’ என்று போட்டிருக்கும், அதை நம்பாதீர்கள். டிரைவ் எழுத்து இல்லாத பார்ட்டிஷனுக்கு அப்படித்தான் காட்டும். அதைப் பெரிதாக்கப் பார்ட்டிஷன் மென்பொருள்கள் உண்டு. ஆனால் பேக்கப்பே இல்லாத கணினியில் பார்ட்டிஷனை நகர்த்த நான் சொல்லமாட்டேன். குளோன்ஜில்லா என்று இலவசமாகக் கிடைப்பதைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை பூட் செய்து இமேஜ் எடுங்கள். விண்டோஸ் ஓடாதபோது எடுப்பதால் ஷேடோ காப்பிக்கே வேலை இல்லை. திரை பழைய காலத்து டாஸ் மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். எதிலிருந்து எதற்கு என்று கேட்கும் இடத்தில் மட்டும் இரண்டு முறை படித்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

கேள்வி: 256 ஜிபி பென்டிரைவைச் செருகினால், இது பேக்கப்புக்கு ஏற்ற இடமல்ல என்கிறது.

பதில்: சிஸ்டம் இமேஜுக்குப் பென்டிரைவை விண்டோஸ் ஏற்காது. வெளி ஹார்ட் டிஸ்கோ எஸ்எஸ்டியோ வேண்டும், அதுவும் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்திருக்க வேண்டும். கடையில் வாங்கும் பல டிஸ்குகள் எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் வரும். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும், முதலில் வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, 40, 50 சதவீதம் வந்ததும் ‘டொய்ங்’ என்று சத்தம் வந்து டிஸ்கே காணாமல் போகிறது. மென்பொருளை மாற்றிப் பார்த்தும் அதே கதை.

பதில்: நானும் ஒருமுறை மூன்று மென்பொருள்களை மாற்றிப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கியிருக்கிறேன் தம்பி. கடைசியில் கேபிள்தான். டிஸ்க் பக்கம் தட்டையாக, இரண்டு பகுதியாகப் பிரிந்திருக்கும் முனை கொஞ்சம் லூஸ். விரலால் லேசாகத் தொட்டாலே விளக்கு அணைந்தது.

சின்ன டிஸ்குகளுக்குத் தனி அடாப்டர் கிடையாது, யுஎஸ்பி வழியாகத்தான் மின்சாரம். யுஎஸ்பி 2 தருவது 500 மில்லிஆம்பியர், யுஎஸ்பி 3 தருவது 900. சும்மா இருக்கும்போது தாக்குப்பிடிக்கும் டிஸ்க், மணிக்கணக்கில் எழுதும்போது மூச்சு வாங்கும். ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப் நடுவில் இருந்தால் கழற்றுங்கள். டெஸ்க்டாப் என்றால் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டுப் பின்பக்கம் மதர்போர்டிலேயே செருகுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதை நிறுத்துங்கள், ஸ்லீப்பையும் ‘நெவர்’ என்று வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு நின்றால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் உள், வெளி இரண்டு டிஸ்கையும் பாருங்கள். ‘கரன்ட் பெண்டிங் செக்டார்’ (டிஸ்க் படிக்கத் தடுமாறும் இடங்கள்) பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் டிஸ்க் நோயாளி. உள் டிஸ்க் அப்படி என்றால் இமேஜ் ஆசையை விட்டுவிட்டு, முக்கியமான ஃபோல்டர்களை இன்றே கையால் காப்பி செய்யுங்கள். டிஸ்கைச் சோதித்துச் சரிசெய்யும் செக்டிஸ்க் எல்லாம் அப்புறம். சாகக் கிடக்கும் டிஸ்கை அது இன்னும் ஓட்டி அலுக்கவைக்கும்.

கேள்வி: 300 ஜிபிக்கு இரண்டரை மணி நேரம் சரியா?

பதில்: யுஎஸ்பி 2-இல் சரிதான், நொடிக்கு 35 எம்பி வந்தாலே பெரிது. யுஎஸ்பி 3-இல் சாதாரண ஹார்ட் டிஸ்கே 100 எம்பி தொடும், ஒரு மணி நேரத்துக்குள் முடியும். போர்ட்டுக்குள் நாக்கு நீலமாக இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான் யுஎஸ்பி 3.

கேள்வி: லேப்டாப்பில் டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருக்கிறது. பேக்கப்பும் பூட்டித்தான் இருக்குமா?

பதில்: இல்லை. விண்டோஸ் ஓடும்போது டிரைவ் திறந்திருப்பதால் இமேஜ் பூட்டில்லாமல்தான் எழுதப்படும். வெளி டிஸ்க் தொலைந்தால் எடுத்தவர் படிக்கலாம், அதற்கும் தனியாக பிட்லாக்கர் போடுங்கள். பூட்டைத் திறக்கும் 48 இலக்க ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அந்த லேப்டாப்பிலேயே சேமித்துவிட்டு வருபவர்கள் மாதம் ஒருவராவது இருக்கிறார்கள்.

கேள்வி: எடுத்த இமேஜ், ரீஸ்டோர் செய்யும்போது ‘இல்லை’ என்கிறது. டிஸ்கில் ‘பழைய பேக்கப்’ என்ற ஃபோல்டருக்குள் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன்.

பதில்: அந்தப் பத்திரம்தான் சிக்கல் அம்மா. ‘விண்டோஸ் இமேஜ் பேக்கப்’ ஃபோல்டர் டிஸ்கின் முதல் மட்டத்தில், பெயர் மாறாமல் இருந்தால்தான் ரெக்கவரி திரை அதைப் பார்க்கும். வெளியே எடுத்து வையுங்கள், வந்துவிடும். புது டிஸ்கில் இறக்குவதாக இருந்தால் அது பழையதைவிடச் சின்னதாக இருக்கக்கூடாது.

உள்ளே இருப்பது சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்க்கலாம். டிஸ்க் மேனேஜ்மென்டில் ஆக்ஷன் மெனுவில் ‘அட்டாச் விஎச்டி’ கொடுத்து, அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்புகளில் பெரியதைத் தேர்ந்தெடுங்கள். ‘ரீட் ஒன்லி’யை மறக்காமல் டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் இமேஜிலேயே ஏதாவது எழுதிவிடும். புது டிரைவ் ஒன்று முளைக்கும். டெஸ்க்டாப் ஃபோல்டருக்குப் போய் போன மாதப் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். திறந்தால் டிடாச் கொடுத்துவிட்டு டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரும் நாளில் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.