அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் நடுவில் சிங்கப்பூர் எப்படிச் சமாளிக்கிறது?

கேள்வி: வல்லரசுகள் முட்டிக்கொள்ளும் காலத்தில் சிங்கப்பூர் மாதிரி ஒரு குட்டி நாடு எந்தப் பக்கமும் சாயாமல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

இருபது வருடத்துக்கு மேலாகக் குடும்பத்தோடு இங்கே நிரந்தரவாசியாக இருக்கிறேன். மகன் தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவப் பணி, முடித்தவன். அதையும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

எந்தப் பக்கமும் சாயவில்லை என்பது பாதிதான் சரி. அமெரிக்கப் போர்க்கப்பல்களும் விமானங்களும் இங்குள்ள தளங்களைப் பயன்படுத்தலாம் என்று 1990லேயே ஒப்பந்தம் போட்டாயிற்று. 2019ல் அதை 2035 வரை நீட்டித்தார்கள். இன்னொரு பக்கம், வர்த்தகத்தில் முதல் கூட்டாளி சீனா. இதை நடுநிலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாராக இருந்தாலும், பெரிய நாடு சின்ன நாட்டுக்குள் படையோடு நுழைந்தால் எதிர்ப்பது என்ற ஒரே நிலைப்பாட்டைத்தான் பார்க்கிறேன்.

1983ல் அமெரிக்கா கிரெனடா என்ற தீவுக்குள் புகுந்தபோது, அமெரிக்காவின் நெருங்கிய நண்பனாக இருந்தும் சிங்கப்பூர் ஐ.நா. பொதுச்சபையில் அதைக் கண்டித்த தீர்மானத்தை ஆதரித்தது. 2022ல் ரஷ்யா உக்ரைனுக்குள் போனபோது, தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பான ஆசியான் நாடுகளில் ரஷ்யா மீது தடை விதித்தது சிங்கப்பூர் மட்டும்தான். அதற்கெல்லாம் முன்பு, 1978 கடைசியில் வியட்நாம் கம்போடியாவுக்குள் நுழைந்தபோது ஐ.நா.வில் பல வருடம் விடாமல் எதிர்த்தார்கள். இது மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. வியட்நாம் விரட்டியது, கம்போடியாவை ஆண்டு சொந்த மக்களையே கொன்று குவித்த பொல்போட் கும்பலை. கொள்கையைக் காப்பாற்றப் போய், அந்தக் கொலைகாரர்கள் ஐ.நா. இருக்கையில் நீடிக்கத் துணைபோக வேண்டியதாயிற்று. ஆனால் பக்கத்து நாட்டு அரசைப் படை அனுப்பிக் கவிழ்க்கலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், நாளைக்கு நமக்கு யார் பேசுவார்கள் என்ற பயமும் நியாயமானதுதான்.

இந்தப் பாதையைப் போட்டவர்களில் முக்கியமானவர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சராக 1965 முதல் 1980 வரை இருந்தார்.

இப்படிப் பேசினால் விலையும் கொடுக்க வேண்டும். 2016ல், தென்சீனக் கடலில் சீனா கொண்டாடிய உரிமைக்கு எதிராகச் சர்வதேசத் தீர்ப்பு வந்த சமயம், கடல் சட்டத்தை மதிக்க வேண்டும் என்று சிங்கப்பூர் சொன்னது சீனாவுக்குப் பிடிக்கவில்லை. அதே வருடம் நவம்பரில், சீனா தன்னுடையது என்று சொல்லும் தைவானில் பயிற்சி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த சிங்கப்பூர் ராணுவத்தின் ஒன்பது டெரெக்ஸ் கவச வாகனங்கள் ஹாங்காங் துறைமுகத்தில் பிடிபட்டன. இரண்டு மாதம் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தன. ஆனாலும் தைவான் பயிற்சியை நிறுத்தவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இந்தோனேசியா. 1965 மார்ச்சில் சிங்கப்பூரில் மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். வைத்தவர்கள் இந்தோனேசியக் கடற்படை வீரர்கள் இருவர். அவர்களைத் தூக்கிலிட வேண்டாம் என்று இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவே கேட்டுக்கொண்டார். எதிரே நிற்பது எத்தனையோ மடங்கு பெரிய அண்டை நாடு, சிங்கப்பூர் சுதந்திரம் பெற்று மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. 1968 அக்டோபரில் தண்டனையை நிறைவேற்றிவிட்டார்கள். ஜகார்த்தாவில் சிங்கப்பூர்த் தூதரகத்தை அடித்து நொறுக்கினார்கள். அப்புறம் 1973ல் பிரதமர் லீ குவான் யூ ஜகார்த்தா போய், அதே இரண்டு பேரின் கல்லறையில் பூத் தூவினார். தீர்ப்பு தப்பு என்று சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அந்த ஊர் வழக்கப்படி மரியாதை செய்தார், அவ்வளவுதான். உறவு சீரானது. மரண தண்டனையில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் அழுத்தத்துக்கு வளையாமல் இருந்ததையும், பிறகு போய்ப் பூத் தூவியதையும் சேர்த்துப் பார்க்கும்போது அந்த அரசியல் பக்குவத்தை மதிக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, இதற்கெல்லாம் தைரியம் எங்கிருந்து வருகிறது? 1965ல் இவர்களிடம் இருந்தது இரண்டே இரண்டு காலாட்படைப் பிரிவுகள். 1967ல் கட்டாய தேசிய சேவை வந்தது. 1968 தொடக்கத்தில், சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் படைகள் கிளம்புகின்றன என்று பிரிட்டன் அறிவித்துவிட்டது. பயிற்சி கொடுக்க வந்த இஸ்ரேலியர்களை, சுற்றியுள்ள நாடுகளின் மனம் கோணாமலிருக்க, ‘மெக்சிகோக்காரர்கள்’ என்று சொல்லி மறைத்தார்கள். பிரிட்டனை நம்பி 1942லேயே ஒருமுறை ஏமாந்த ஊர் இது. ஜப்பானிடம் அவர்கள் சரணடைந்த பிப்ரவரி 15தான் இன்று முழுமைத் தற்காப்பு தினம். ஒவ்வொரு வருடமும் அன்று மாலை 6.20க்குத் தீவு முழுக்க அபாயச் சங்கு ஒலிக்கும்.

பெற்றவர்களுக்கு இது லேசான விஷயம் இல்லை. மகனைச் சேர்க்கும் நாளில், பயிற்சி முகாம் இருக்கும் தெக்கோங் தீவுக்குப் படகில் நாங்களும் போனோம். படுக்கும் இடத்தைக் காட்டி, அவர்களோடு சாப்பாடும் போட்டார்கள். சீன, மலாய், தமிழ்ப் பிள்ளைகள் ஒன்றாக நின்று கை உயர்த்தி உறுதிமொழி எடுத்தபோது என் மனைவி அழுதுவிட்டாள். படிக்கிற வயதில் இரண்டு வருடம் போகிறதே என்று எனக்கும் வருத்தம் இருந்தது. இந்த நாட்டின் வெளியுறவுப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் பலம் இந்தப் பிள்ளைகள்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இப்போது அவன் வேலைக்குப் போகிறான். ஆனாலும் அவ்வப்போது பயிற்சிக்கு வரச் சொல்லிப் படையிலிருந்து அழைப்பு வரும். வந்தால் அலுவலகத்தில் சொல்லிவிட்டு, அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் பச்சைப் பையை இறக்கி, பூட்ஸைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.